பாதம் வைத்த எழுத்து

ஆங்கிலத் தட்டச்சில் அடித்த பழைய கடிதம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சின்ன 'ஐ' எழுத்தின் அடியில் நீண்ட பட்டைக் கோடு இருக்கும். அப்பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லி எழுத்தின் இருபுறமும் வெற்றிடம் தெரியாமலிருக்கவே அந்தப் பாதம்.

பட்டைப் பாத அச்செழுத்தை 1815 வாக்கில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வெளியிட்டார். விளம்பரத் தாள்களுக்கு அது வெகுவாகப் பயன்பட்டது. 1845-இல் ராபர்ட் பெஸ்லியின் 'கிளாரண்டன்' வந்தது. அகராதியில் தலைச்சொல்லை எடுப்பாகக் காட்ட உதவியது. அதில் தண்டும் பாதமும் சேருமிடம் வளைந்து தடித்திருக்கும். தூணின் அடித்தகட்டுக்கு முட்டுக் கொடுப்போமே, அதேதான்!

பாலக்காட்டிலும் மூணாறிலும் நம் பிள்ளைகள் விழாப் பலகையில் ஆங்கில வரியை இப்படி எழுதினால் அழகுதான். தமிழ் வரிக்கும் அதே தடிமன் கொடுத்தால் சுழிகள் அடைபட்டுவிடும். மூன்று சுழி 'ண' இரண்டு சுழி 'ன' போலத் தெரியும், மணம் மனமாகிவிடும். பள்ளியில் மலையாளம் மட்டும் படிக்கும் குழந்தை பலகையைப் பார்த்துத்தானே தமிழ் எழுத்தைப் பழகுகிறது?

ஆகவே கோட்டைத் தடிக்க வைக்காமல் எழுத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். சுழியின் உள்வெளியை முதலில் பென்சிலால் வரைந்துகொண்டு, தூரிகை அதற்குள் போகாமல் எழுதுங்கள். பிறகு முப்பதடி தள்ளி நின்று, சுழிகளோடு மெய்யெழுத்தின் புள்ளியும் தெரிகிறதா என்று பாருங்கள்.