நேர் இழையும் வளைந்த பரப்பும்

கணக்குப் பரிசோதனைக்காக ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தபோது, அதன் தீர்மானப் புத்தகத்தில் ஒரு புதிய தீர்மானத்தைக் கண்டேன். விற்காமல் தேங்கிய காடாத் துணியை எபாக்சி பிசினில் தோய்த்துக் கூரைத் தகடுகள் செய்வதென்றும், அதற்காகப் பிசினைப் பீப்பாய்க் கணக்கில் வாங்குவதென்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அங்கத்தினரின் பங்குத் தொகையே இதில் முடங்க இருந்தது. முயற்சியைத் தடுப்பது என் எண்ணமன்று. ஆயினும் பீப்பாய் வாங்குமுன் ஒரு முழ அகலத்தில் ஒரு மாதிரி செய்து பார்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். அவர்களும் இசைந்தனர். மாதிரி செய்யும் முறையையும் அதில் நாங்கள் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

துணித்தகடு தட்டையாக இருந்தால் சிறு பாரத்திற்கும் தொய்ந்துவிடும். வளைவுதான் மெல்லிய தகட்டிற்கு உறுதியைத் தருகிறது. ஆகவே, குதிரைச் சேணம்போல ஒரு திசையில் தொய்ந்தும் மறு திசையில் மேல்நோக்கி வளைந்தும் உள்ள பரப்பைத் தேர்ந்துகொண்டோம். கணித நூல்களில் இதற்கு ஹைப்பர்பாலிக் பாரபோலாய்டு என்று நீண்ட பெயர் உண்டு. சேணப் பரப்பு என்றால் நமக்குப் போதும். இதன் விந்தை யாதெனில், எங்கும் வளைந்திருக்கும் இப்பரப்பை முற்றிலும் நேரான இழைகளைக் கொண்டே அமைத்துவிடலாம். பாரிஸ் நகர ஆசிரியர் தியோதோர் ஒலிவியே (1793–1853) உலோகச் சட்டங்களுக்கிடையே நூலிழைகளைக் கட்டி இத்தகைய பரப்புகளை மாணவர்களுக்குக் காட்டினார். மெக்சிகோவின் சோச்சிமில்கோவில் பெலிக்ஸ் கண்டேலா 1958-இல் ஓர் உணவு விடுதிக்கு இவ்வடிவத்தில் அமைத்த கான்கிரீட் கூரையின் கனம் சுமார் 4 சென்டிமீட்டர்தான்.

செய்முறைக்கு வருவோம். 40 சென்டிமீட்டர் சதுரப் பலகையின் நான்கு மூலைகளையும் சுற்றுவரிசையில் அ, ஆ, இ, ஈ எனக் கொள்க. ஆ, ஈ என்னும் எதிர் மூலைகளில் 20 சென்டிமீட்டர் உயரக் குச்சிகளை நட்டு, அவற்றின் உச்சிகளை அ, இ மூலைகளோடு நான்கு மரச் சட்டங்களால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 44.7 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒவ்வொன்றையும் இருபது சம பாகமாகப் பிரித்துத் துளையிடுக. அ-ஆ சட்டத்தில் அ-விலிருந்து ஐந்தாம் துளையை, ஈ-இ சட்டத்தில் ஈ-யிலிருந்து ஐந்தாம் துளையோடு இழையால் கட்டுக. மற்றத் துளைகளையும் இவ்வாறே வரிசை மாறாமல் கட்டிவந்தால், பாவு ஓடியதுபோல் நேரான இழைகள் நிற்கும். அவற்றின் மேல் சேணம் தோன்றும். நடுப்புள்ளி பலகையிலிருந்து சரியாக 10 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தால் கட்டு பிழையில்லை எனலாம்.

இதுவரை எளிது. துணி போர்த்தும்போதுதான் தவறினோம். கட்டிய இழை எப்படி ஓடுகிறதோ அப்படியே துணியின் பாவும் ஓடவேண்டும் என்று நானே சொன்னேன். பட்டப்படிப்பில் கற்ற கணிதம் அவ்வளவுதான் உதவியது! பாவும் ஊடையும் சட்டங்களுக்கு இணையாக இருக்குமாறு துணியை இழுத்து ஆணியடித்தோம். நடுவில் அது கோணிப்பைபோல் சுருங்கி நின்றது. காரணம் பின்னர் விளங்கியது. ஓரத்து இழைக்கு 44.7 சென்டிமீட்டர் வேண்டும். நடு இழைக்கோ 40 போதும். நூல் குறுகாதாகையால் மிகுதி முழுவதும் சுருக்கமாயிற்று. பார்த்துக்கொண்டிருந்த முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, துணியை மூலைவாட்டமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் அது கொடுக்கும்" என்றார். தையற்காரர் 'கிராஸ்' என்று வெட்டுவது இதைத்தான். பாவு ஆ-விலிருந்து ஈ-க்கும், ஊடை அ-விலிருந்து இ-க்கும் ஓடுமாறு திருப்பினோம். வளைவின் வழியே மூலைக்கு மூலை சுமார் 61 சென்டிமீட்டர் ஆகிறது. இப்போது ஒவ்வொரு ஓரமும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே நீண்டு கொடுக்கவேண்டும். மூலைவாட்டத்தில் துணி அதைத் தடையின்றிக் கொடுத்தது. சுருக்கம் மறைந்தது.

காகிதத்தில் இது நடவாது. காகிதத்தைச் சுருட்டலாம், சேணமாக வளைத்தால் கிழியும் அல்லது மடியும். துணியில் இழை நீளாவிட்டாலும், பாவும் ஊடையும் கூடும் கோணம் மாறுகிறது. ருஷ்ய நாட்டுக் கணித மேதை செபிஷேவ் 1878-இல் பாரிஸில் ஆடை வெட்டுவதைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவில் ஆராய்ந்தது இக்குணத்தையே.

மூலைவாட்டத்தால் வேறொரு நன்மையும் உண்டு. மேலிருந்து பாரம் அழுத்தும்போது, உயர்ந்த மூலைகளுக்கிடையே ஓடும் இழைகள் தூளியைப்போல் தொங்கி இழுவிசையைத் தாங்குகின்றன. தாழ்ந்த மூலைகளுக்கிடையே உள்ளவை வில்வளைவுபோல் அமுக்கத்தைத் தாங்கவேண்டும். தனி நூல் அமுக்கத்தில் மடங்கிவிடும். மடங்காதபடி அதைப் பிடித்துக்கொள்வதே பிசினின் வேலை. ஆகவே வடிவத்தைக் காட்டும் இழை ஒரு திசை, பாரத்தைச் சுமக்கும் இழை வேறு திசை. நடுவில் மணற்பை வைத்தபோது முதல் மாதிரி ஒரு சுருக்கத்தின் வழியே விரிந்தது, இரண்டாவது அசையவில்லை. சுருக்கங்களில் பிசின் தேங்கியதும் முதலாவது தோற்றதற்கு ஒரு காரணமாகையால், முழுப் பெருமையையும் இழைத் திசைக்கே கொடுத்துவிட இயலாது.

பிசின் பூசுவதில் சில எச்சரிக்கைகள். துணியிலுள்ள கஞ்சியை முற்றும் அலசிப் போக்கி, நன்றாக வெயிலில் உலர்த்தவேண்டும். கஞ்சியும் ஈரமும் பிசினை இழைக்குள் புகவிடா. முறுக்கு மிகுந்த நூலிலும் பிசின் எளிதில் இறங்காது. எபாக்சியோடு சேர்க்கும் ஹார்டனரை, டப்பாவில் குறித்த விகிதப்படி தராசில் நிறுத்தே கலக்கவேண்டும். கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்பது தவறு. சரிவர இறுகாமலே போகலாம். ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். எங்கள் மாதிரியின் பரப்பு சுமார் 1700 சதுர சென்டிமீட்டரே. சிறுகச் சிறுகக் கலந்து இரண்டடுக்குத் துணிக்கும் தூரிகையால் பூசினோம். கையுறை இன்றித் தொடலாகாது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டானால், பிறகு சிறிதளவு பட்டாலும் அது திரும்பத் திரும்ப வரும். காற்றோட்டமுள்ள தாழ்வாரமே இவ்வேலைக்கு ஏற்றது.

இரண்டாவது மாதிரியைச் சங்க முற்றத்தில் மழையில் வைத்தோம். சில வாரங்களில் வெட்டிய ஓரங்கள் வெளுத்து, அடுக்குப் பிரியத் தொடங்கிற்று. பருத்தியும் சணலும் நீரை உறிஞ்சும் இயல்பின; வெட்டுவாயில் இழை நுனி திறந்திருந்தால் நீர் உள்ளே ஏறும். வெயிலும் எபாக்சியை நாளடைவில் மஞ்சளாக்கி மேற்பரப்பைப் பொடியச் செய்யும். அதற்கு வண்ணப்பூச்சு வேண்டும். இச்செலவுகளில் ஒன்றும் தீர்மானத்தின் மதிப்பீட்டில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பீப்பாய்க் கொள்முதல் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஓரங்களைப் பிசினால் மூடி வண்ணம் பூசிய மூன்றாவது மாதிரி, நாள் குறித்த சீட்டுடன், இப்பொழுது அதே முற்றத்தில் இருக்கிறது.