முதலில் மூச்சு

காஞ்சிபுரத்தில் சர்வ தீர்த்தக் குளம், ஏரி, கிணறு, பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளம் என்று ஆழமான நீருக்குக் குறைவில்லை. யாராவது மூழ்கிவிட்டால் கரையில் கூடுகிறவர்கள் தேடுவது வயிற்றில் உள்ள தண்ணீரைத்தான். அங்கிருந்தே தவறுகள் தொடங்குகின்றன.

நம்பிக்கை: வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்தால் பிழைப்பார்.
உண்மை: மூளைக்கு ஆக்சிஜன் போகாததால்தான் உயிர் போகிறது. வயிற்றை அமுக்கினால் வாந்தி மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வீண். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்; பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவதை விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கண் விழித்து எழுந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் முற்றலாம்.

நம்பிக்கை: மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார்.
உண்மை: மூச்சுக்கே திணறுகிறவருக்குக் குரல் வராது. குழந்தைகள் பெரும்பாலும் சத்தமின்றியே மூழ்குகிறார்கள்.

நம்பிக்கை: நுரையீரலில் தண்ணீர் இருந்தாலே மூழ்கிச் செத்ததாக அர்த்தம்.
உண்மை: இறந்த பின் நீரில் போடப்பட்ட உடலுக்குள்ளும் தண்ணீர் புகும். வாய், மூக்கில் பொங்கும் மெல்லிய வெண்ணுரை, உப்பிக் கனத்த நுரையீரல், மூச்சுக்குழலில் சேறு, எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் எனும் நுண்பாசி, உடலில் உள்ள காயங்கள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார். ஒற்றை அடையாளம் போதாது.

நம்பிக்கை: தவறி விழுந்ததுதானே, போலீஸ் எதற்கு?
உண்மை: விபத்து மரணத்திலும் காவல்துறை விசாரிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவாக இருந்தது. இறப்பின் காரணத்தில் ஐயம் இருந்தால் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகத்துக்கிடமாக இறந்தாலோ கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. ‘கிணற்றில் விழுந்துவிட்டாள்’ என்ற ஒரு வார்த்தையோடு எந்தப் பெண்ணின் கதையும் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

உடலை அவசரமாக எரித்துவிட்டால் உண்மையும் சேர்ந்து எரிந்துபோகும். விபத்துக் காப்பீடு கோருவதற்கும் காவல்துறை அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது அக்கம்பக்கத்தாரின் கடமை.