முகப்பருவும் குடும்ப நலமும்



சில ஆண்டுகளுக்கு முன் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டம் நடத்தினோம். கூட்டம் முடிந்ததும் புதுப்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். முகம் நிறையப் பரு. கையில் ஒரு மாத்திரை அட்டை. "அவருக்குப் பருவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்ததுங்க. அவருக்கு நல்லாயிருச்சு. மிச்சத்தை நான் போடலாமா?" என்று கேட்டாள். கூட இருந்த செவிலியர், "தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார். நாற்பது நாள் தாண்டியிருந்தது.

அந்த மாத்திரை ஐசோட்ரெட்டினோயின். கடுமையான பருவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பிணி சாப்பிட்டால் கரு கலையலாம். குழந்தையின் மூளை, இருதயம், முகம் ஊனமாகலாம். நல்லவேளை, அவள் கேட்டுவிட்டுப் போட நினைத்தாள். எல்லோரும் கேட்கிறார்களா? அதற்காகத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

பரு ஏன் வருகிறது?

நம் தோலுக்கு அடியில் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் உடம்பில் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இவற்றைத் தூண்டுகிறது. இந்த ஹார்மோன் ஆண், பெண் இருவருக்கும் உண்டு. எண்ணெய் அதிகமாகி, உதிர்ந்த தோல் செல்களோடு சேர்ந்து மயிர்க்காலின் துவாரத்தை அடைக்கிறது. உள்ளே கிருமி பெருகி, வீங்கிச் சிவந்து, சீழ் கோக்கிறது. துவாரத்தில் தெரியும் கரும்புள்ளி அழுக்கு அல்ல. ஆகவே தேய்த்துக் கழுவினால் போகாது.

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பார்கள். அது தவறு. முப்பது, நாற்பது வயதிலும் பரு வரும். பரு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. கெட்ட நடத்தையாலும் வராது. மனைவியையோ கணவனையோ இதற்காகக் கேலி பேசாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலை, மாலை இரு வேளையும், வேர்த்து வேலை செய்த பிறகும், மென்மையான சோப்பால் முகம் கழுவுங்கள். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிய விடாதீர்கள். பருவைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் குழி விழும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சோடா உப்பு தடவினால் தோல் வெந்து கருத்துவிடும்.

வெள்ளையாக்கும் களிம்பு வேண்டாம்

"இதைப் போட்டா ஒரே வாரத்தில் முகம் பளிச்சுனு ஆயிடும்" என்று சொல்லிக் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும்; எரியும்; முடி முளைக்கும்; பரு முன்னைவிட அதிகமாகும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது. ஏற்கெனவே பல மாதம் தடவி வருபவர்கள் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

குடும்பக் கட்டுப்பாடும் பருவும்

மாலா-என் மாத்திரை சாப்பிடும் சிலருக்குப் பரு குறைவதுண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியால் சிலருக்குப் பரு கூடலாம். அதற்காகச் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். வேண்டாத கர்ப்பம் வந்துவிடும். செவிலியரிடம் சொன்னால் வேறு முறை தருவார். பருவுக்காக மட்டும் நீங்களே மாலா-என் தொடங்கவும் வேண்டாம். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்களுக்கும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் அது ஏற்றதல்ல.

பருவோடு தீட்டு 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருகிறதா? தாடையில் முடி வளர்கிறதா? சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. ஓராண்டாகியும் கரு தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவரும் பரிசோதனைக்கு வர வேண்டும். பெண்ணை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

சிகிச்சை

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு களிம்பு போன்றவை உண்டு. துணியில் பட்டால் சாயம் போகும், கவனம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். பொறுமை வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும், கர்ப்பத்தை எதிர்பார்த்தாலும் முதலில் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடும் பெண்கள், நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கர்ப்பிணிக்கு ஆகாது.

ஒருவர் மருந்தை மற்றவர் சாப்பிடக் கூடாது. கணவன் மருந்து கணவனுக்கே. மனைவி மருந்து மனைவிக்கே.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள். தேவைப்பட்டால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அன்று அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வி, வயிற்றிலிருந்த பிள்ளையைக் காப்பாற்றியது.