நக்சோஸ் தீவில் நண்பர்களோடு சாப்பிட...

கிரீஸின் நக்சோஸ் தீவுக்கு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறலாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று பலமாக வீசினால் கப்பல் ரத்தாகலாம். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் திரும்பிவிடுங்கள்.

தவெர்னா எனப்படும் உணவகங்களில் ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள். நாலைந்து வகை வாங்கி நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அதில்தான் ருசியும் பேச்சும் கூடும். அந்தத் தீவில் விளையும் உருளைக்கிழங்கின் வறுவலையும், பெரும்பாலும் பசும்பாலில் செய்யும் கிராவியேரா சீஸையும் விட்டுவிடாதீர்கள். முழு மீனுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை. சமைப்பதற்கு முன்பே கண்ணெதிரில் எடை போடச் சொல்லி விலையைக் கேளுங்கள். பில் வந்தபின் பேசிப் பயனில்லை.

சைவக்காரர்களுக்கு கெமிஸ்தா இருக்கிறது: தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சுட்டது. சில இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.