மெர்லயனுக்கும் வைத்தியம் வேண்டும்

"உன் பாடத்தைப் பற்றி ஏதாவது எழுது, ஆனால் படிக்கிறவன் தூங்கிவிடக் கூடாது" என்று மலர்க் குழுவினர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவனுக்கு இது கொஞ்சம் கடுமையான நிபந்தனைதான். ஆகவே நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம்ம மெர்லயன்!

முதலில் ஒரு கேள்வி. மெர்லயன் தண்ணீர் பீய்ச்சாமல் வாய் வறண்டு நின்றதுண்டா? உண்டு. 1998-ல், பழைய இடத்தில் இருந்த பம்ப் பழுதானது. மறுபடியும் தண்ணீர் கொட்டியது 2002-ல், புது இடத்துக்கு மாறிய பிறகுதான். நான் பிறப்பதற்கு முன்பு நடந்த கதை இது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் எடுத்தது. பின்னால் மெர்லயன் வெறும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். "என்னமோ கொட்டாவி விடுற மாதிரி இருக்குதே" என்று அம்மா இன்றைக்கும் சிரிப்பார். சிலை நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனாலும் பார்த்தவர்களுக்கு அது பாதி மெர்லயன். நீரூற்றுச் சிலை என்றால் பாதி சிற்பம், பாதி இயந்திரம் என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உறைத்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அந்த உருவத்தை 1964-ல் சுற்றுப்பயண வளர்ச்சிக் கழகத்தின் சின்னமாக வரைந்தவர் ஃபிரேசர் புரூனர். வான் கிளீஃப் மீன்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். சிலையைச் செய்தவர் சிற்பி லிம் நாங் செங். உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன். 1972 செப்டம்பர் 15 அன்று சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். 1997-ல் எஸ்பிளனேட் பாலம் வந்ததும், கடற்பக்கம் இருந்து பார்த்தால் சிலை பாலத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதனால் 2002 ஏப்ரலில் சுமார் 120 மீட்டர் தள்ளி, இப்போது இருக்கும் ஒன் ஃபுல்லர்ட்டன் பக்கம் கொண்டு போனார்கள். 120 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பாரந்தூக்கியால் எடுத்து மிதவையில் ஏற்றி, பாலத்துக்கு அடியில் நுழைய முடியாததால் பாலத்துக்கு மேலே தூக்கி, மறுபடி மிதவையில் இறக்கி, பிறகு பீடத்தில் வைத்தார்கள். நின்றபடி வாழ்வதற்காகச் செய்த பொருள் அது. கீழே அழுத்தும் பாரத்தைக் கான்கிரீட் சுகமாகத் தாங்கும். இழுவிசை வந்தால் விரிந்துவிடும். எழுபது டன்னைத் தூக்கும்போது எங்கே பிடிப்பது என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது.

இனி பாடத்துக்கு வருவோம். மெர்லயனின் உடம்பு 'சிமெண்ட் ஃபோன்டு' என்ற வகை சிமெண்டால் ஆனது. நாம் ஆய்வுக்கூடத்தில் கலக்கும் சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டு அல்ல. இது அலுமினா அதிகமுள்ள சிமெண்டு. ஒரே நாளில் இறுகிப் பெரும்பகுதி பலத்தை எட்டிவிடும். நுணுக்கமான அச்சையும் அப்படியே பிடிக்கும். இதனாலேயே சிற்பிகளுக்கு இதன்மேல் ஆசை.

ஆனால் இந்த அவசரக்காரரிடம் ஒரு குணம் உண்டு. முதலில் உருவாகும் படிகங்கள் நிலையானவை அல்ல. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அவை வேறு வகைப் படிகங்களாக மாறும். மாறிய படிகம் அடர்த்தியானது, குறைந்த இடமே எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் மிச்ச இடம்? அதெல்லாம் நுண்துளைகள்தான். பலம் குறையும், தண்ணீர் உள்ளே போக வழி பிறக்கும். 1974 பிப்ரவரியில் லண்டன் ஸ்டெப்னியில் ஒரு பள்ளிக்கூட நீச்சல்குளத்தின் கூரை உத்திரங்கள் இடிந்து விழுந்ததற்கு இந்த உருமாற்றம் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நீச்சல்குளம் என்றால் சூடும் ஈரமும் சேர்ந்த இடம். நம்ம ஊர்? வருஷம் முழுக்க அதேதான்!

பயப்பட வேண்டாம், மெர்லயன் மேல் யாரும் கூரை போடவில்லை. கலக்கும்போது தண்ணீரைக் குறைவாகச் சேர்த்திருந்தால், மாற்றம் முழுவதும் முடிந்த பிறகும் போதுமான பலம் மிஞ்சும். அரை நூற்றாண்டு வெயிலில் நிற்கும் சிலையில் நடக்க வேண்டிய மாற்றம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும். பராமரிப்பவனுக்கு உள்ள கவலை வேறு. எந்தப் பொருளின்மேல் எந்தப் பொருளை ஒட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். ஃபோன்டு சிமெண்டையும் போர்ட்லாண்டு சிமெண்டையும் ஒன்றாகக் கலந்தால் கரண்டியிலேயே இறுகிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை கழுவாத வாளியில் கலந்து அனுபவப்பட்ட கோஷ்டி எங்களுடையது. அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை.

சரி, நீரூற்றுச் சிலையை எது கெடுக்கிறது? ஆச்சரியமாக இருக்கும், அதன் தண்ணீரேதான். நனைந்தே இருக்கும் இடமும் காய்ந்தே இருக்கும் இடமும் அவ்வளவாகக் கெடுவதில்லை. நனைந்து காய்ந்து நனைந்து காயும் ஓரம் இருக்கிறதே, அங்கேதான் உப்பு சேரும், பாசி பிடிக்கும், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். உப்பு உள்ளே இறங்கி இரும்புக்கம்பியைத் தொட்டால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காத கான்கிரீட் வெடித்துப் பெயரும். மெர்லயன் நிற்கும் மரினா விரிகுடா 2008-ல் அணைக்கட்டு திறக்கும்வரை கடல்நீர்தான். பிறகுதான் படிப்படியாக நன்னீர்த் தேக்கமானது. முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சிலை உப்புக் காற்றிலேயே நின்றிருக்கிறது.

பாசியைப் போக்கப் பலர் செய்வது இரண்டு தப்பு. ஒன்று, அமிலம் ஊற்றுவது. அமிலம் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும், கையோடு சிமெண்டையும் கரைக்கும். இன்னொன்று, அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிப்பது. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மேல்தோல் உரிந்து சொரசொரப்பாகிவிட்டதால் அடுத்த பாசி இன்னும் வசதியாகக் குடியேறும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்ததில்லை. இனிமேல் எழுதப்போவது எனக்குப் பெருமை தராத சமாச்சாரம்.

இரண்டாம் ஆண்டுத் தொழிற்பயிற்சிக்கு ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனத்துக்குப் போனேன். ஒரு கொண்டோவின் முகப்பில் தாமரைக் குளம் போல ஒரு தொட்டி, நடுவில் மூன்று மீன்கள் துள்ளும் சிலை. மீன் வாயிலிருந்து தண்ணீர். மெர்லயனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை செய்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. படிப்பு எட்டாம் வகுப்பு. காது மட்டும் நம் விரிவுரையாளர்கள் எல்லோரையும்விடக் கூர்மை.

முதல் நாளே பம்ப் அறைக் கதவைத் திறந்தவர் உள்ளே போகாமல் நின்றார். "தம்பி, கேளு. உள்ள கூழாங்கல் உருள்ற மாதிரி இல்ல?" எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் இலையும் முடியும் அடைத்துக் கிடந்தன. உறிஞ்சும் பக்கம் தண்ணீர் பற்றாமல் போனால் அழுத்தம் இறங்கி நீராவிக் குமிழ்கள் உண்டாகும். அவை சுழல்சக்கரத்தின்மேல் வெடித்து உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கும். நாம் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் விடை. அண்ணனுக்கு அது கூழாங்கல் சத்தம். வடிகட்டியைக் கழுவிப் போட்டதும் சத்தம் போய்விட்டது.

அடுத்து சிலை. சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீரென்று கேட்கும். தோலுக்கும் உடம்புக்கும் நடுவே பிரிந்திருந்தால் 'டொப்பு'. டொப்பு கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தார். மூன்றாவது மீனின் வாலுக்குக் கீழே பெரிய வட்டம். "இத முழுக்க உடைச்சு எடுக்கணும் தம்பி. கம்பிக்குப் பின்னால வரைக்கும் போவணும். ரெண்டு நாளாவது ஆவும்."

மேலாளர் கொடுத்திருந்தது ஒரு நாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஓட வேண்டும், ஏதோ விழா. நான்தான் சொன்னேன், "அண்ணே, பெயர்ந்த இடத்தை மட்டும் பூசிடலாம், மீதியை அடுத்த தடவை பார்க்கலாம்." அவர் ஒன்றும் பேசவில்லை. நான் டிப்ளோமா மாணவன், படிவம் என் கையில். விளிம்பைச் செங்குத்தாக வெட்டவில்லை. துருவை முழுசாகச் சுரண்டவில்லை. பழைய பரப்பை நனைத்து ஊறவிடவில்லை. சிமெண்டைத் தாராளமாகப் போட்டுக் கெட்டியாகக் கலந்தோம். பலமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பலம் அதிகமான ஒட்டு பலவீனமான பழைய கான்கிரீட்டோடு சேர்ந்து விரியாது, சேர்ந்து சுருங்காது. தனியாகக் கழன்றுகொள்ளும். இது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். படிவத்தில் 'தட்டிப் பார்த்தல்' என்ற கட்டத்தில் 'சரி' என்று குறியிட்டேன்.

ஒன்பதாவது வாரம், ஒரு மாலை, அந்த வால்பகுதி உள்ளங்கையைவிடப் பெரிய துண்டாகத் தொட்டிக்குள் விழுந்தது. அந்தத் தொட்டி விளிம்பில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து காலை நனைப்பார்கள். அன்றைக்கு மழை, யாரும் இல்லை. விசாரித்தார்கள். "பூசியது யார்?" என்று கேட்டார்கள். தட்டிப் பார்த்தது யார், குறியிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனை வேறு தளத்துக்கு மாற்றினார்கள், அந்த மாதத்து ஓவர்டைம் போயிற்று. எனக்கு ஒரு வாரம் வாய் வரவில்லை. பிறகு போய், படிவத்தில் இருப்பது என் கையெழுத்து என்று சொன்னேன். மேலாளர், "சரி விடு, நீ ஸ்டூடண்ட்" என்றார். அண்ணனின் ஓவர்டைம் திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மெர்லயனைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2009 பிப்ரவரி 28 அன்று அதன் தலையில் இடி விழுந்தது, துண்டுகள் சிதறின. எல்லோருக்கும் இது ஞாபகம் இருக்கும். கான்கிரீட்டின் துளைகளில் உள்ள ஈரம் மின்னலின் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி வெடிப்பதால் இப்படிச் சிதறும். மார்ச் 18-க்குள் சரிசெய்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கும் குறைவு! இடி விழுந்தால் செய்தித்தாளில் வருகிறது, உடனே ஆள் வருகிறது. வடிகட்டியில் இலை அடைத்தால் வருவதில்லை. 2006-லும் 2023-லும் மறைப்புக் கட்டி வழக்கமான பராமரிப்பு செய்தபோது, "அய்யோ, போட்டோ எடுக்க முடியலையே" என்று அலுத்துக்கொண்டவர்களே அதிகம். 2023-ல் அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைத் தேக்காவில் சாப்பிட அழைத்தேன். சாப்பிட்டுவிட்டு மெர்லயன் வரைக்கும் நடந்தோம். பதினோரு வருஷத்தில் அவர் அங்கே வருவது இரண்டாவது தடவையாம். ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் எல்லோரும் தண்ணீரை வாயில் பிடிப்பது போல நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"தண்ணி விட்டு விட்டு வரல. ஒரே சீரா விழுது," என்றார். "எவனோ நல்லா பாத்துக்கிறான், தம்பி."