ஊரில் படுக்கையாய்க் கிடக்கும் பெற்றோருக்கு: வலி தணிப்பு வைத்தியம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஊரில் வயதான தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கும் கை நடுங்குகிறது. 2022 ஆடி மாதத்தில் ஹெப்பாளில் என் வீட்டில் அப்படி ஒரு மணி அடித்தது. நான் மருத்துவன் அல்லன். ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தே காலம் கழித்தவன். அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். மருந்தும் அளவும் மருத்துவர் சொல்படிதான்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஊத்தங்கரைப் பக்கம் கிராமம். மார்பில் வந்த கட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கையில் ஈரத்தைப் பார்த்துத் தம்பி மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்குள் புற்று முதுகெலும்பில் இறங்கிவிட்டது. அழைத்துப்போன ஒரு பெரிய மருத்துவமனையில், "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். வலிக்கு என்ன செய்வது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இதுதான் முதல் தவறு. நோயைத் தீர்க்க முடியாது என்பது வேறு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு.

இரண்டாவது தவறு என்னுடையது. அம்மாவை மைசூருக்கே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். காவேரி எக்ஸ்பிரஸில் போய் ஜோலார்பேட்டையில் இறங்கி, ஊருக்குப் போய்த் தம்பியோடு சண்டையும் போட்டேன். "அங்க நான் யாரோட பேசுவேன் சாமி?" என்று அம்மா கேட்ட பிறகுதான் வாயை மூடினேன்.

அப்படியானால் கிராமத்தில் யார் பார்ப்பார்கள்? இதற்கு வழி காட்டியவர்கள் நம் பக்கத்து மலையாளத்துக்காரர்கள். 1993ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அது மலப்புறம் பக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி என்று சாதாரண மனிதர்கள் பயிற்சி பெற்று, வீடுகளில் சிறு தொகை திரட்டி, செவிலியரோடு நோயாளியைத் தேடிப் போனார்கள். 2008ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் தணிப்புச் சிகிச்சையும் உண்டு. மைசூர் பக்கம் சரகூரில், 1984ல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சுவாமி விவேகானந்த யூத் மூவ்மெண்ட் கிராம வைத்தியத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. பெங்களூரில் 'கருணாஸ்ரயா' இருக்கிறது. புற்றுநோயாளிகளை இலவசமாகவே வைத்துப் பார்க்கிறார்கள்.

தம்பி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னான். அடுத்த வாரம் ஒரு செவிலியம்மா வந்தார். அவர் முதலில் கேட்டது நோயின் பெயரை அல்ல. "பாட்டி, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டார். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மார்க்குப் போடச் சொன்னார். அம்மா எட்டு போட்டாள்.

உலக சுகாதார நிறுவனம் 1986ல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்தது. முதல் படி பாராசிட்டமால் போன்றவை. இரண்டாவது கோடீன் வகை. மூன்றாவது மார்பின். மார்பின் என்றதும் நான் பயந்தேன். அபினியிலிருந்து எடுப்பதாயிற்றே, அடிமையாகிவிட மாட்டார்களா? வலிக்காக முறைப்படி கொடுக்கும்போது அந்தப் பயம் பெரும்பாலும் வீண் என்று மருத்துவர் விளக்கினார். இன்னொரு வேடிக்கை: சட்டப்படி அபினி பயிரிடும் நாடு நம்முடையது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்க ஆலைகள் உண்டு. அப்படியிருந்தும் 1985ஆம் வருஷச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கு மார்பின் எட்டாக்கனியாகவே இருந்தது. 2014ல் திருத்தம் வந்த பிறகு அனுமதி பெற்ற மருத்துவமனைகளில் கிடைப்பது கொஞ்சம் எளிதாயிற்று. அம்மாவுக்குத் தம்பி அப்படி ஒரு மருத்துவமனையில்தான் வாங்கி வந்தான்.

இங்கேதான் என் ரயில்வே மூளைக்கு வேலை வந்தது. பெட்டி வழியில் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பதல்ல பராமரிப்பு, நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான். வலி மருந்தும் அப்படியே. வலி வந்த பின் அல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று தம்பி மகள் காலண்டர் அட்டையின் பின்புறம் கட்டம் போட்டு ஒட்டினாள். நடு இரவில் எழுப்ப வேண்டாமென்று பத்து மணி அளவை மட்டும் மருத்துவர் மாற்றி எழுதியிருந்தார். மார்பின் மலச்சிக்கல் உண்டாக்கும். ஆகவே பேதி மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் இருந்தன, பிறகு தெளிந்தது. நான்காம் நாள் அம்மா போட்ட மார்க்கு மூன்று.

புண்ணின் நாற்றம்தான் அம்மாவை அதிகம் கூச வைத்தது. பேரப்பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவக் கற்றுக்கொடுத்தார் செவிலியம்மா. ஒரு வாரத்தில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. குழந்தைகள் கட்டிலில் ஏறினார்கள்.

படுக்கைப் புண்ணுக்கு இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, சூடோ கெட்டியோ தட்டுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வாரங்களில் அம்மா சாப்பாட்டை ஒதுக்கினாள். நான் ஊட்டப் போனேன். செவிலியம்மா தடுத்தார். சாப்பிடாததால் உடம்பு ஓயவில்லை, உடம்பு ஓய்வதால் சாப்பிடவில்லை என்றார். உதட்டை நனைத்து, வாயைத் துடைத்துவிட்டால் போதுமாம். எனக்கு இது ஏற்க மிகக் கஷ்டமாயிருந்தது. இன்றும் கஷ்டம்தான்.

தை மாதம், சொந்த வீட்டில், வாசல் தெரியும்படி போட்ட கட்டிலில் அம்மா போனாள். பத்து நாள் கழித்துச் செவிலியம்மா மறுபடி வந்து, தம்பி மனைவியிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மீந்த மார்பின் மாத்திரைகள் இருபத்திரண்டையும் தம்பி எண்ணி மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்தான். தண்ணீர்ப் படுக்கை கீழத்தெருவில் பக்கவாதம் வந்த ஒருவர் வீட்டுக்குப் போயிற்று.