மதில் தகராறா? முதலில் அளவைப் பாருங்கள்

சரக்கு இறக்கக் கிடங்கு வைத்திருப்போர் நம்மில் அநேகம் பேர். கிடங்கு என்றால் மதில் உண்டு. மதில் என்றால் அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார். தகராறு அங்கேதான் முளைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் கிடங்கின் கிழக்கு மதில் மழையில் சாய்ந்தது. புது அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து மனைக்காரர் வந்து, "அண்ணாச்சி, ஒரு அடி என் பக்கம் வந்துட்டீங்க" என்றார். அவரும் வியாபாரிதான். "எங்கப்பா காலத்திலிருந்து சுவர் இங்கேதான் இருக்கு" என்று நான் சத்தம் போட்டேன். 60 அடி நீளத்துக்கு ஒரு அடி என்றால் 60 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி; அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காக ஒரு மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வக்கீலிடம் போனேன். "பத்திரத்தில் அளவு என்ன?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தெரியவில்லை! மூலப் பத்திரத்தில் நான்கு எல்லையும் உத்தேச அளவும்தான் இருந்தன. மூட்டைக்குக் கால் கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கிற நாம், சொந்த மனையை அளந்து பார்ப்பதில்லை.

தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்தோம். அண்டைப் பட்டாதாரருக்கும் தகவல் கொடுத்து, அவரை வைத்துக்கொண்டே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டார். புலப்படத்தை வைத்து அளந்ததில், பழைய சுவர் கோணலாகப் போயிருந்தது தெரிந்தது. தென்கோடியில் நான் ஏழு அங்குலம் அவர் பக்கம். வடகோடியில் அவர் மண் கொஞ்சம் என்னிடம் இல்லை, என் மண்தான் அவரிடம்! இருவரும் சிரித்துவிட்டோம். சர்வே கோட்டிலேயே சுவர் எழுப்பி, செலவைப் பாதிப் பாதி போட்டோம். கோட்டை விட்டு விலகி ஒருவர் மண்ணை மற்றவருக்கு விடுவதானால், வெறும் காகித ஒப்பந்தம் போதாது. பத்திரம் பதிய வேண்டும்.

எல்லோருக்கும் இப்படி முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் எதைக் கேட்பது என்று தெரிந்து போக வேண்டும். வாரங்கல் நகரில் மனைத் தகராறு ஒன்றில் 1978இல் வழக்குப் போட்டார்கள். கேட்டது தடையுத்தரவு மட்டும். இடமே யாருடையது என்ற சிக்கல் இருந்தும், "இது என் சொத்து" என்று தீர்ப்புக் கேட்கும் விளம்புகைப் பரிகாரத்தைக் கேட்கவில்லை. ஒரு கோர்ட்டில் ஜெயம், அடுத்ததில் தோல்வி, ஹைகோர்ட்டில் மறுபடி ஜெயம். கடைசியில் 2008இல் சுப்ரீம் கோர்ட், உரிமையே கேள்விக்குள்ளாகும்போது தடையுத்தரவு மட்டும் கேட்டால் போதாது என்று வழக்கைத் தள்ளியது. அனத்துலா சுதாகர் வழக்கு என்று இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். முப்பது வருடம்!

பட்டா கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது வருவாய்த் துறைக் கணக்கு. உரிமைக்குப் பத்திரமே பேசும். அத்துமீறிச் சுவர் எழும்பினால் அன்றே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். எதிரி தனதென்று வெளிப்படையாக 12 வருடம் அனுபவித்துவிட்டால், மீட்கும் வழக்கே காலாவதியாகிவிடும். வழக்கு நடக்கும்போது சமரசம் வந்தால் லோக் அதாலத்துக்குப் போகலாம். அங்கே ஆகும் தீர்வுக்கு அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

மாமல்லபுரத்து உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்று 2010 திருத்தச் சட்டம் சொல்கிறது. பழையதைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் கட்டலாம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தாலும், அனுமதிக் கடிதம் வரும்வரை கொத்தனாரை அழைக்காதீர்கள்.